பட்டாளத்தெருவில் குண்டான்கள் நடந்த காலம்

முதலில் ஏகாம்பரத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வஜ்ஜிரவேலுக்கு இந்த உலகத்தில் நடந்த கெடுதல் எல்லாம் அந்த ஆளிடமிருந்துதான் ஆரம்பித்தது. மீசை அரும்பிய வயதில், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற மைதானத்தில் வஜ்ஜிரவேலு அரை டிராயரோடு வரிசையில் நின்றார். ஓட்டத்தில் முதலாவதாக வந்தார், கயிறு ஏறினார், பள்ளம் தாண்டினார், கடைசியில் மார்பளவுக்கு வந்து நின்று, மூச்சை இழுத்து நெஞ்சை விரி என்றதும் விரித்தார். நாடாவைச் சுற்றி அளக்கிற நேரம் பார்த்து, முந்தின வருஷமே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டு முதல் லீவில் உடுப்போடு வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு ஏகாம்பரம், அளக்கிறவனின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மூக்கைச் சுருக்கி, வாயைக் கோணி, கண்ணை மேலே செருகி ஒரு முகம் காட்டினார். வஜ்ஜிரவேலுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்ததில் மூச்சு போனது, மூச்சு போனதில் நாடா தொளதொளத்தது, விரல் அகலம் குறைகிறது என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அது கோணங்கி இல்லை, தும்மல் வந்தது, வருகிற மாதிரி வந்து வராமல் போய்விட்டது என்றார் ஏகாம்பரம். அன்றைக்கும் அதையே சொன்னார், லீவில் வந்த வருஷமெல்லாம் அதையே சொன்னார், சுபேதாராகி பட்டாளத்தை விட்டு வந்து வீட்டோடு உட்கார்ந்த பிறகும் அதையே சொன்னார். "நான்தான் முகம் காட்டினேன்" என்று தெரு கேட்க ஒரு வார்த்தை, அதுதான் ஏகாம்பரம் தீர்க்க வேண்டிய கடன். அது தீர்கிறவரை அந்த வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொடுவதில்லை, தன் வீட்டுச் சோற்றுப் பருக்கை ஒன்று அந்த வாசல்படி ஏறுவதில்லை என்று வஜ்ஜிரவேலு சத்தியம் செய்திருந்தார்.

மேல்சீனூரில் அந்தத் தெருவுக்குப் பட்டாளத்தெரு என்றே பெயர். வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்தில் இருப்பார்கள், கூடத்துச் சுவரில் உடுப்போடு ஒரு போட்டோ தொங்கும். வஜ்ஜிரவேலு வீட்டுச் சுவரில் மட்டும் காலண்டர் தொங்கியது. தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கி, கல்யாணம் கட்டி, மனைவியைப் பறிகொடுத்து, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, இப்போது தனக்குத் தானே களி கிண்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு, பொதுச்சுவரில் காதை வைத்து, ஏகாம்பரம் தன்னைப் பற்றி ஏதாவது ஒத்துக்கொள்கிறாரா என்று கேட்பதுதான்.

அப்படிக் கேட்டதில்தான் அந்த வீட்டில் குக்கர் விசில் அடிக்காமல் போனது தெருவில் வேறு யாருக்கும் முன்னால் அவருக்குத் தெரிந்தது.

நடந்தது இதுதான். ஏகாம்பரத்தின் மகன் புருஷோத்தமனை வடக்கே ஏதோ பனிமலைக்கு மாற்றினார்கள். ஆள் போய்ச் சேர்ந்தான், அவனுடைய காகிதங்கள் போய்ச் சேரவில்லை. காகிதம் சேராதவன் சேர்ந்தவன் ஆகமாட்டான் என்பதால் சம்பளம் நின்றது. அவன் நின்ற உச்சியில் போனும் எடுக்கவில்லை. சுபேதாரின் பென்ஷனோ, மாடி கட்டிய கடனுக்குப் பிடித்தது போக பால்காரனுக்கே பற்றாது. ரேஷனில் அரிசி வாங்கலாமே என்றால், பட்டாளத்து வீட்டுக்கு இலவச அரிசி எதற்கு என்று நல்ல காலத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் சர்க்கரை அட்டையாக மாற்றி வாங்கி வந்தவரே ஏகாம்பரம்தான்.

வாய் திறந்து கேட்கிற வீடா அது? மருமகள் தாட்சாயணி, மத்தியானம் ஆனதும் வெறும் கரண்டியால் வெறும் சட்டியைத் தாளிக்கிற மாதிரி தட்டினாள், தெருவுக்குக் கேட்கட்டும் என்று. இருக்கிற கைப்பிடி அரிசியைக் கஞ்சியாக்கிப் பெண் குழந்தைகள் இரண்டுக்கும் ஊற்றினாள். ஏகாம்பரம் விரதம் பிடித்தார். திங்கட்கிழமை சிவனுக்கு, செவ்வாய்க்கிழமை முருகனுக்கு, வியாழக்கிழமை குருவுக்கு, சனிக்கிழமை பெருமாளுக்கு. தட்டில் கோழி இல்லையென்றால் தட்டையே நகர்த்திவிடுகிற ஆள் திடீரென்று இத்தனை சாமிகளோடு சிநேகம் ஆனதைக் கேட்டு, முதல் வாரம் வஜ்ஜிரவேலு சுவருக்கு இந்தப் பக்கம் நின்று தனியாகச் சிரித்தார். இரண்டாவது வாரம் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது வாரம் தன் தட்டில் களியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், சுவருக்கு அந்தப் பக்கத்துக் கரண்டிச் சத்தத்தில் பாதியோடு தட்டை மூடி வைக்க வேண்டியிருந்தது. அதற்கும் ஏகாம்பரத்தையே திட்டினார்.

அந்த வாரம் புதன்கிழமை மத்தியானம், கத்தரிக்காயும் கருவாடும் போட்டு அவர் வைத்த குழம்பு, குண்டானோடு அடுப்பை விட்டு இறங்கி நடந்தது.

கால் ஒன்றும் முளைக்கவில்லை. இடமும் வலமுமாக ஆடி ஆடி, நிறைமாசக்காரி சந்தைக்குப் போகிற மாதிரி நிதானமாகப் போனது. வாசற்படி வந்ததும் ஒரு சாய்ப்பு சாய்ந்து, சொட்டுக் குழம்பு சிந்தாமல் இறங்கியது. வஜ்ஜிரவேலு அகப்பையும் கையுமாகப் பின்னாலேயே ஓடினார். களி கிண்டிய சட்டியும் அவரைத் தாண்டிக்கொண்டு முன்னால் போனது.

எதிர்வீட்டுச் சம்பூரணம், புருஷன், மகன் இரண்டு பேரையும் பட்டாளத்துக்குக் கொடுத்துவிட்டு வாயை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டவள், துணி காயப்போட்டபடியே கேட்டாள். "இன்னா மாமா, சமையல் புடிக்கலன்னு அதுங்களே கெளம்பிடுச்சா?"

"புடிம்மே அத!"

"நான் எதுக்குப் புடிக்கணும்? கை சுடும்."

குண்டானும் சட்டியும் ஏகாம்பரம் வீட்டு வாசல்படி ஏறி, நடையில் போய் அக்கடா என்று உட்கார்ந்தன. தாட்சாயணி வெளியே வந்தாள். குழம்பு வாசனைக்குக் குழந்தைகளும் வந்தார்கள். வஜ்ஜிரவேலு சத்தியம் செய்தவர் ஆனதால் படிக்கு வெளியிலேயே நின்றார்.

"இன்னா மாமா இது? நாங்க சாப்ட்டாச்சு" என்றாள் தாட்சாயணி.

"நான் ஒண்ணும் குடுக்கல. அதுவா வந்துச்சு. எட்த்து வெளிய வை."

அவள் குனிந்து தூக்கிப் பார்த்தாள். ஆட்டுக்கல் மாதிரி அசையாமல் இருந்தது. சின்னவள் அதற்குள் விரலை விட்டு நக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் இருந்து ஏகாம்பரத்தின் குரல் வந்தது. "யாரும்மா குட்த்தாங்க?"

"யாரும் குடுக்கல மாமா. தானா வந்துகீது."

"தானா வந்ததுன்னா அது தருமம் ஆகாது" என்றது குரல், கொஞ்சம் யோசித்துவிட்டு. "புதன்கிழமைக்கு விரதமும் இல்ல."

கொடுத்தவர் யாரும் இல்லை, வாங்கினவர் யாரும் இல்லை. குண்டான் போனது, அவ்வளவுதான். இந்தக் கணக்கு இரண்டு வீட்டுக்கும் ஒத்துப்போனது. வஜ்ஜிரவேலு அன்று பொட்டுக்கடலையைத் தின்று தண்ணீர் குடித்துப் படுத்தார்.

மறுநாள் சம்பூரணத்தின் குக்கர் கிளம்பியது. அது நடக்கவில்லை, குதித்துக் குதித்துப் போனது, பாதித் தெருவில் ஒரு விசில் வேறு அடித்தது. அதற்கடுத்து ஒரு டிபன் கேரியர் தட்டுத் தடுமாறி, பிறகு ஒரு இட்லிக் குண்டான், பிறகு மூடியைத் தலையில் சுமந்த ரசச் சொம்பு ஒன்று, இப்படி ஆறு வீடு, ஏழு வீடு என்று தெருவே கிளம்பிவிட்டது. ஏன் நடக்கின்றன என்று முதல் நாள் கொஞ்ச நேரம் பேசினார்கள், பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டு, எப்படி நடக்கின்றன என்பதைப் பற்றியே பேசினார்கள். நேராக நடக்கிற பாத்திரம் வளர்ப்பு நல்ல வீட்டுப் பாத்திரம் என்றார்கள். வழியில் நின்று நாயோடு முறைத்துக்கொண்ட ஒரு வாணலியைப் பார்த்து, வீட்டுக்காரி குணம் அப்படியே இருக்கிறது என்றார்கள். ஓய்வு பெற்ற ஹவில்தார்களும் நாயக்குகளும் சும்மா இருக்க முடியாமல் தெருவோரம் வரிசையாக நின்று, லெஃப்ட் ரைட் சொல்லி அவற்றைச் சீராக நடக்கவைக்கப் பார்த்தார்கள். பட்டாளத்தையே கட்டி மேய்த்தவர்கள் பேச்சை ஒரு தூக்குவாளிகூடக் கேட்கவில்லை. மத்தியான பஸ் தெருமுனையில் நின்று வழிவிட்டது. எங்கே சாம்பாரைக் காணோம், நேற்று சாம்பார் வந்ததே என்று டிரைவர் இறங்கி விசாரித்தார்.

யார் வீட்டுப் பாத்திரம் போகவில்லையோ அவர்களுக்குத்தான் தலைக்குனிவு. தெருக்கோடியில் ஒரு வீட்டில் பிரியாணிச் சட்டி மூன்று நாளாக அடுப்பை விட்டு அசையாததால், நெய்யைக் கூட்டி, முந்திரியைக் கொட்டி, கடைசியில் பின்னாலிருந்து தள்ளியே பார்த்தாள் அந்த வீட்டுக்காரி.

"உப்பு கம்மி. அதான் அதுக்கு வெக்கம்" என்றாள் சம்பூரணம்.

வஜ்ஜிரவேலுவின் பாத்திரம் மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. "எல்லாருக்கும் முன்னால உன்னுதுதான்யா போச்சு" என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வந்தது. "நான் அனுப்பலய்யா, அந்தக் குண்டான் என்கிட்ட விசுவாசமில்லாதது" என்பார். சொல்லிவிட்டு, மறுநாள் குழம்புக்கு இன்னொரு கத்தரிக்காய் கூடுதலாக நறுக்குவார், கையோடு வந்துவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு.

இதெல்லாம் நல்லபடியாகத்தான் போயிருக்கும், ஒரு வழக்கம் குறுக்கே வந்து நிற்காமல் இருந்திருந்தால்.

அந்த ஊர்ப் பக்கத்தில் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புகிறவர்கள் கிடையாது. ஒரு பிடி அரிசி, நாலு மிளகாய், ஒன்றும் இல்லையென்றால் ஒரு கொத்து கறிவேப்பிலையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். வெறுமனே கொடுத்தால் கொடுத்த வீட்டுக்கு அவமானம், வெறுமனே வாங்கினால் வாங்கின வீட்டுக்கு ஆகாது. தாட்சாயணி முற்றத்துக் கறிவேப்பிலையை உருவி உருவி இரண்டு நாள் சமாளித்தாள். பிறகு செடி குச்சியாக நின்றது. பாத்திரங்கள் அங்கேயே நின்றுவிட்டன. வந்த பாத்திரங்களுக்கும் அந்த வழக்கம் தெரிந்திருந்தது, வெறும் வயிற்றோடு ஒன்றும் திரும்பி நடக்கவில்லை. புளி போட்டுத் தேய்த்து, கவிழ்த்து, வெயிலில் பளபளவென்று அவை அந்த முற்றத்தில் அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்தன. கேட்கப் போன பெண்கள் வாசலோடு நின்று, வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினார்கள்.

கொஞ்ச நாளில் தெருவில் சமைக்கப் பாத்திரம் இல்லை. சம்பூரணம் வாளியில் சாம்பார் வைத்தாள். ஒரு வீட்டில் பழைய பட்டாளத்து இரும்புத் தொப்பியை மல்லாத்தி அதில் ரசம் கொதிக்கவைத்தார்கள், குடித்தவர்களுக்கெல்லாம் தலைமுடி வாசனை அடித்தது. "பட்டாளத்தெருன்னு பேரு, ஒரு சட்டி இல்ல" என்று பஸ் டிரைவர்கூடக் கேலி பேசினார். தெருவுக்கு இது வேடிக்கை. தாட்சாயணிக்கு வேடிக்கை இல்லை. ஒரு நாள் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மாமனாரிடம் சொன்னது வஜ்ஜிரவேலுக்குக் கேட்டது.

"ஊரு சட்டியெல்லாம் நம்ம வூட்ல அடஞ்சி கெடக்குது. இதுக்குமேல எனக்குத் தாங்காது மாமா. வெள்ளிக்கிழமை கதவ சாத்திக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போறேன். நீங்களும் வாங்க."

"சம்பந்தி வூட்ல போயி நான் கைய நனைக்கவா? நீ புள்ளைங்கள கூட்டிக்கினு போ. நான் இங்கயே இருக்கறேன். எனக்குத்தான் விரதம் இருக்குதே."

கதவு சாத்தியிருந்தால் குண்டான் எங்கே போகும்? வஜ்ஜிரவேலு சுவரோரமாகவே நின்றார். ஏகாம்பரத்தின் குரலில் இருந்த காற்றின் அளவு அவருக்குத் தெரியும், எத்தனை வருஷமாகக் கேட்கிற குரல் அது. அதில் பாதி போயிருந்தது. இந்த ஆள் அந்தக் கட்டிலில் தனியாகக் கிடந்து, ஒவ்வொரு சாமியாகச் சாக்கு சொல்லி, ஒருநாள் போய்ச் சேர்ந்துவிடுவான் என்று தோன்றியது. செத்தவன் வாயிலிருந்து எந்த வார்த்தையை வாங்குவது? இத்தனை காலம் காத்துக் காத்து, கடைசியில் வாய்க்கரிசி போடத்தான் அந்தப் படி ஏற வேண்டுமா?

கூப்பிட்டுவிட்டார்.

"ஏகாம்பரம்."

கட்டில் கிறீச்சிட்டது. "யாரு?"

"யாருன்னு தெரியாதா? நீ கெட்த்த ஆளு."

"ஓ. இன்னா வேணும்?"

"உன் கறுப்பு டிரங்குப் பொட்டில இன்னா வெச்சிக்கினுகீற?"

"அது மிலிட்டிரி ரகசியம்."

"அந்துருண்டை நாத்தம் என் வூடு வரைக்கும் வருது, ரகசியமாம். கேன்டீன் சோப்பு, பூட் பாலிஷ், பித்தள பட்டன் தேக்கிற மருந்து. லீவுல வரசொல்லவெல்லாம் கொண்டாந்து கொண்டாந்து அடுக்கினியே, பாக்கலன்னு நெனச்சிக்கினியா?"

"இருந்தா இருக்கட்டும்."

"சட்டிக்கு ஒண்ணு போட்டு அனுப்பு."

அந்தப் பெட்டியை ஏகாம்பரம் யாருக்கும் திறந்ததில்லை. விடிந்ததும் அதன் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவுவார். அதில் சாமான் இருக்கிறவரை அவர் சுபேதார், காலியானால் இந்தத் தெருவில் இருமிக்கொண்டு கிடக்கிற இன்னொரு கிழவன்.

"நான் பட்டினி கெடந்தா உனக்கு சந்தோசம்தான? உனக்கு இன்னாத்துக்கு இந்த அக்கற?" என்றார்.

"சந்தோசம்தான். நீ செத்துப்பூட்டா என் கடன யாருய்யா தீக்கிறது?"

"எந்தக் கடன்? அது தும்மலுய்யா!"

"தும்மலுக்குக் கண்ணு ஏன்யா மேல சொருகுது?"

"என் தும்மல் அப்டி."

தாட்சாயணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல நாள் கழித்து அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு பூட்டில் சாவி திரும்புகிற சத்தமும் கேட்டது.

மறுநாள் மத்தியானம் பாத்திரங்கள் வீடு திரும்பின. குக்கருக்குள் ஒரு சோப்பு, டிபன் கேரியரில் தட்டுக்கு ஒரு பாலிஷ் டப்பா, ரசச் சொம்பில் ஒரு ஷேவிங் பிரஷ். தெரு முழுக்க ஒரே சோப்பு வாசனை அடித்தது, எதிரே வருகிறவர் தன் புருஷனா அடுத்தவள் புருஷனா என்று கண்ணை மூடினால் தெரியாது என்றாள் சம்பூரணம். பூட்ஸ் போடுகிற ஆண்களெல்லாம் எல்லையில் இருந்ததால், பாலிஷை சைக்கிள் சீட்டுக்குப் பூசினார்கள், நிலைக்கதவுக்குப் பூசினார்கள், மிச்சத்தை எருமைக் கொம்புக்குப் பூசினார்கள். அந்த வருஷம் மேல்சீனூர் எருமைகள் அணிவகுப்புக்குக் கிளம்பினவை மாதிரி மினுமினுத்தன. தாட்சாயணி வெள்ளிக்கிழமை எங்கேயும் போகவில்லை. பாத்திரங்கள் போவதும் வருவதுமாக இருந்தன.

வஜ்ஜிரவேலுவின் குண்டான் மட்டும் வரவில்லை. அதற்கு ஏகாம்பரம் சோப்பு போட்டுப் பார்த்தார், பாலிஷ் போட்டுப் பார்த்தார், தன் பழைய பெல்ட்டின் பித்தளைக் கொக்கியைக்கூடப் போட்டுப் பார்த்தார். அது நகரவில்லை.

தாட்சாயணி படிக்கு வந்து கேட்டாள். "மாமா, உங்க குண்டானுக்கு இன்னாதான் வெக்கறது?"

"இன்னா வெக்கணும்னு உங்க மாமனாருக்குத் தெரியும்."

"அத அவரு சொல்ல மாட்டாரு மாமா."

"அப்ப அங்கியே இருக்கட்டும்."

இருந்தது. அவர் மறுநாள் வேறு சட்டியில் சமைத்தார், அதுவும் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அடுத்த நாள் தவலை. அடுத்த நாள் மனைவி சீராகக் கொண்டுவந்த வெண்கலப் பானை. குழம்பு மணக்க மணக்க ஒவ்வொன்றாகப் படி ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு, வஜ்ஜிரவேலு தன் படியில் உட்கார்ந்து பொட்டுக்கடலை தின்றார்.

பனி உருகுகிற மாசத்தில் காகிதங்கள் மலை ஏறி முடித்தன போலிருக்கிறது, நின்றிருந்த சம்பளம் எல்லாம் சேர்ந்து வந்தது. புருஷோத்தமனும் போனில் பேசினான். அன்று மத்தியானம் தெருவில் ஒரு பாத்திரமும் நடக்கவில்லை. பெண்கள் கொஞ்ச நேரம் கரண்டியால் குத்திப் பார்த்துவிட்டு, ஏதோ இழந்தவர்கள் மாதிரி தங்கள் சமையலைத் தாங்களே சாப்பிட்டார்கள். பஸ் டிரைவர் வழக்கம்போல் தெருமுனையில் நிறுத்தி, கொஞ்சம் பார்த்துவிட்டுப் போனார்.

தாட்சாயணி கோழி அடித்து, பாயசம் வைத்து, வீடு வீடாகத் தானே சுமந்து போய்க் கொடுத்தாள். கடைசியாக வஜ்ஜிரவேலு வீட்டு வாசலுக்கு வந்தாள். அவருடைய குண்டான் நிறையச் சர்க்கரைப் பொங்கல் இருந்தது. சம்பளம் வந்த வீட்டில் அது இப்போது யார் தூக்கினாலும் தூக்க வந்தது.

"எட்த்தும் போம்மா. அதுல வெக்க வேண்டியது பொங்கல் இல்ல" என்றார்.

"வூட்ல ஒரு சட்டி இல்ல, எதுல மாமா ஆக்கித் துண்ணுவீங்க?"

அவர் பொட்டுக்கடலையை வாயில் போட்டுக்கொண்டார். அவள் குண்டானை அவர் காலடியில் வைக்கவும் முடியாமல், திருப்பி எடுத்துப் போகவும் மனசில்லாமல் நின்றாள். பிறகு, "குண்டான் உங்களுதுதான? அது இருக்கற எடத்துக்கு வந்து உங்களுத நீங்க துண்ணுங்க. எங்க வூட்டுத்துன்னு யாரு சொன்னா?" என்று சொல்லிவிட்டு, குண்டானைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று திரும்பி நடந்தாள்.

வஜ்ஜிரவேலு இதைப் புரட்டிப் புரட்டி யோசித்தார். தண்ணீர் தொடமாட்டேன் என்றுதான் சத்தியம், அதைச் சொம்பில் தன் வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம். சோற்றுப் பருக்கை படி ஏறாது என்றுதான் சொன்னது, மாவு பருக்கை இல்லை. குண்டான் தன்னுடையது. அதைக் கடன்காரன் பிடித்து வைத்திருக்கிறான், போய்ப் பார்க்காமல் விட்டால் பாத்தியதை போய்விடும். அகப்பையை எடுத்துக்கொண்டார், கேழ்வரகு மாவு ஒரு பை எடுத்துக்கொண்டார், சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டார், தெருவில் இறங்கினார். பேசிக்கொண்டிருந்த பெண்கள், ரசச் சொம்புக்கு விலகின மாதிரியே தங்களை அறியாமலே இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டார்கள்.

"நடை கொஞ்சம் கோணல்" என்றாள் சம்பூரணம்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அவர் போகிறார். தன் மாவை, தன் குண்டானில், அந்த வீட்டு அடுப்பில் தன் கையால் கிண்டுகிறார். கை தாராளமாகப் போய்விடுவதால் மூன்று பேருக்குக் காணும்படி ஆகிவிடுகிறது, குழந்தைகளையும் சேர்த்தால் ஐந்து. தாட்சாயணி குழம்பு ஊற்றினால், தன் சட்டியில் வைத்த குழம்பா என்று பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறார். கிழவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிடுகிறார்கள். கடைசிக் கவளம் முடிந்ததும் வஜ்ஜிரவேலு கையைக் கழுவாமல் கேட்கிறார்.

"இப்பவாவது சொல்லு."

ஏகாம்பரம் கூரையைப் பார்க்கிறார். "அது ஆச்சேய்யா எந்தக் காலத்துலயோ" என்கிறார், அல்லது "வெயிலு நேரு கண்ணுல அடிச்சிது" என்கிறார். போன வாரம் ஒரு நாள், தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இத பாரு வஜ்ஜிரவேலு" என்று ஆரம்பித்தார். அடுப்படியில் தாட்சாயணியின் கை நின்றது. வஜ்ஜிரவேலுக்கு மூச்சு நெஞ்சு கொள்ளாமல் விரிந்தது.

"களில ஒரு கல்லு உப்பு கம்மி" என்றார் ஏகாம்பரம்.

வஜ்ஜிரவேலு எழுந்தார், கையைத் தன் சொம்புத் தண்ணீரில் கழுவினார், குண்டானைத் தேய்த்து, முற்றத்தில் அதன் இடத்தில் கவிழ்த்து வைத்தார்.

"நாளைக்குக் கீரை கடையறேன்" என்று தாட்சாயணியிடம் சொன்னார். "அந்த ஆளுகிட்ட சொல்லி வை. நான் விடறதா இல்ல."